எங்கள் கண்மாய்க்கு நீர்ச்சறுக்கு வேண்டாம்

ராஜபாளையத்தில் என் வீட்டு முன்னறையில், அப்பா படத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை தொங்குகிறது. நீளம் ஐந்தரை அடி. மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்கும். நடுவில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ரப்பர் பூட்ஸ் திருகியிருக்கும். வால்பக்கம் அடியில் ஓர் உலோகத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். சிலிண்டர் போட வந்த தம்பி, "என்ன அண்ணாச்சி, கதவுக்குச் செஞ்சதா?" என்று கேட்டான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த என் மாமியார் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "துணி தேய்க்கிற பலகையில எதுக்கு மாப்பிள்ளை செருப்பு?" என்றார்.

அது நீர்ச்சறுக்குப் பலகை. மோட்டார் படகு முன்னே போகும். படகில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பலகையில் நின்றபடி தண்ணீரின் மேல் நாம் பின்னே போவோம். இதைச் சொன்னதும் முக்கால்வாசிப் பேர், "கோவளத்துல பையங்க அலையில நிக்கிறாங்களே, அதுவா?" என்பார்கள். அது அலைச்சறுக்கு. அதற்குக் கயிறும் இல்லை, படகும் இல்லை. பத்திரிகைகளிலேயே சில நாள் இரண்டும் 'நீர்ச்சறுக்கு' என்றுதான் வருகின்றன. தனக்கென்று ஒரு பேர்கூட உறுதியாக இல்லாத விளையாட்டில் 12 வருஷம் பைத்தியமாக இருந்தவன் நான். அந்தப் பைத்தியம்தான் சொல்கிறேன், இந்த விளையாட்டை எங்கள் கண்மாய்க்கும் அணைக்கும் கொண்டுவர வேண்டாம்.

பேச்சு ஆரம்பித்தது டீக்கடையில். ஐப்பசி மழை வெளுத்து வாங்கி, சுற்றுவட்டாரக் கண்மாய்கள் சில மறுகால் பாய்ந்துகொண்டிருந்த நேரம். நாலு இளவட்டங்கள் என்னைத் தேடி வந்தார்கள். பிளவக்கல் அணையில் படகு விட வேண்டும், வாட்டர் ஸ்போர்ட்ஸ் கொண்டுவர வேண்டும் என்று கலெக்டருக்கு மனு எழுதியிருந்தார்கள். "நீங்க பஹ்ரைன்ல இதெல்லாம் பண்ணினவரு. கண்மாய் நெறஞ்சிருக்கு. ஒரு நாள் ஓட்டிக் காட்டுங்க அண்ணாச்சி, வீடியோ எடுத்து மனுவோட குடுத்துருவோம்" என்றார்கள். கூச்சமாக இருந்தாலும் உள்ளுக்குள் ஆசை. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

ஆசைக்குக் காரணம் உண்டு. 1998இல் ஐ.டி.ஐ. மோட்டார் மெக்கானிக் சர்டிபிகேட்டோடு பஹ்ரைன் போனேன். அங்கே ஒரு படகு கிளப்பில் எஞ்சின் பழுது பார்க்கும் வேலை. அதற்கு முன்னால் நான் கடலைப் பார்த்தது திருச்செந்தூரில், அதுவும் முழங்கால் ஆழத்தில். ஒரு வெள்ளிக்கிழமை காலை கிளப் உறுப்பினர் ஒருவர் பட்டறைக்குள் வந்து வெர்னியர் காலிப்பர் இருக்கிறதா என்று கேட்டார். எதற்கு என்றால், பலகையின் வாலில் இருக்கும் அந்தத் தகட்டை நகர்த்துவதற்கு. எங்கள் ஊர் ஆசாரிமார் நூல் கணக்கில் வேலை செய்வார்கள், எட்டு நூல் ஓர் அங்குலம். இந்த மனிதர் ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து, அதில் ஐந்து பங்கு பின்னால் தள்ளு என்கிறார். தள்ளிக் கொடுத்தேன். போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, இப்போது வால் சொன்ன பேச்சைக் கேட்கிறது என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு மாதம் கழித்து நானே அந்த ஆயிரத்தில் ஐந்துக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் எழுந்து நிற்பதற்குள் பதினோரு தடவை விழுந்தேன். தண்ணீருக்குள் குத்தவைத்து உட்கார வேண்டும். முழங்கால் நெஞ்சைத் தொட வேண்டும், கை நீட்டியபடி இருக்க வேண்டும், பலகையின் மூக்கு மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிய வேண்டும். படகு இழுக்கும்போது எல்லாரும் செய்யும் தப்பு, கயிற்றைத் தன் பக்கம் இழுத்து எழுந்திருக்கப் பார்ப்பது. அப்படிச் செய்தால் குப்புற விழுவோம், கடல் மூக்கு வழியாக உள்ளே போகும். "நீ எந்திரிக்காதே, படகு உன்னை எழுப்பும்" என்று படகோட்டும் மலையாளிச் சேட்டன் கத்திக்கொண்டே இருந்தார். பன்னிரண்டாவது தடவை பேசாமல் உட்கார்ந்தே இருந்தேன். தண்ணீர் என்னைத் தூக்கி நிறுத்தியது.

அந்த நேரத்தில் என் நினைவுக்கு வந்தது எருமை. சின்ன வயசில் கண்மாயில் மேய்ச்சல் எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு அக்கரைக்குப் போவோம். அதிலும் இதே பாடம்தான். வாலை இழுத்தால் எருமை திரும்பி முறைக்கும், தளர்வாகப் பிடித்தால் அதுபாட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும்.

கை பற்றியும் சொல்ல வேண்டும். கைப்பிடி உராய்ந்து உள்ளங்கையில் தோல் உரியும். மற்றவர்கள் விலை உயர்ந்த கையுறை வைத்திருந்தார்கள். நான் ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி நாலு சுருள் கொண்டுபோவேன். ராஜபாளையத்துக்காரன் பெட்டியில் வேறு என்ன இருக்கும்? அதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அதற்கு மேல் சாதாரண கையுறை. கிளப்பில் இங்கிலாந்துக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு ஒரு சுருள் கேட்டு வாங்கிப் போனார். பாலித்தீன் பையில் கொண்டுபோன ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைவிட அந்தத் துணிக்குத்தான் அங்கே கிராக்கி.

இதில் போட்டி எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் 259 மீட்டர் நீளப் பாதை. அதில் இடமும் வலமுமாக ஆறு மிதவைகள். படகு நேர்கோட்டில் போகும். ஆண்களுக்கு உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர். நாம் அந்த ஆறையும் வெளிப்பக்கமாகச் சுற்றிவர வேண்டும். பதினாறு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். முடித்தால் பரிசு என்ன தெரியுமா? கயிற்றைக் குறைப்பார்கள். 18.25 மீட்டரில் ஆரம்பித்து 16, 14.25, 13, 12, 11.25 என்று போகும். எந்த நீளம் என்று தெரிய கயிற்றில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என வானவில் வரிசையில் வளையங்கள் இருக்கும். வேடிக்கை எங்கே என்றால், மிதவை படகுப் பாதையின் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஊதா வளையத்துக்கு வந்துவிட்டால் கயிறு மிதவையை எட்டாது. எட்டாத தூரத்தை உடம்பால் எட்ட வேண்டும். தண்ணீரோடு தண்ணீராகச் சாய்ந்து, ஒரு கையை நீட்டி, பலகையை மட்டும் மிதவைக்கு அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். நான் பச்சையோடு நின்றுவிட்டேன். 2006இல் தோள்மூட்டு விலகியது, இன்றைக்கும் மழைக்காலத்தில் வலிக்கும். ஆனாலும் நீலத்தில் ஒரு தடவை நாலு மிதவை சுற்றியிருக்கிறேன். இதைப் பெருமையாகச் சொன்னால் புரிந்துகொள்ள எங்கள் தெருவில் ஆள் இல்லை.

புரியாதது தெருவுக்கு மட்டும் இல்லை. இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவருக்கே அதுதான் நடந்தது. ரால்ஃப் சாமுவேல்சன், அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து லேக் சிட்டிக்காரர். 1922 ஜூலை 2, மறுநாள் அவருக்கு 19 வயது முடிகிறது. பெப்பின் என்ற ஏரியில் அண்ணன் படகை ஓட்ட, இவர் இரண்டு பைன் பலகைகளில் ஏறி நின்றார். அதற்கு முன் பீப்பாய்ச் சட்டங்களைக் கட்டிப் பார்த்து மூழ்கினார். பிறகுதான் கடையில் பலகை வாங்கி, நுனியை அம்மாவின் செம்புப் பாத்திரத்து வெந்நீரில் வேகவைத்து வளைத்தார். காலுக்குத் தோல் வார், கயிற்றுக்கு ஜன்னல் கயிறு, கைப்பிடிக்கு இரும்பு வளையம். மொத்தச் சாமான்களும் இவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பையன் செய்தாலும் இதே மாதிரிதான் செய்திருப்பான்.

ஆனால் அவர் காப்புரிமை எடுக்கவில்லை. 1925இல் ஃபிரெட் வாலர் என்பவர் எடுத்தார். சாமுவேல்சன் வான்கோழிப் பண்ணை வைத்துப் பிழைத்தார். அவருடைய பலகைகள் அந்த ஊர் ஏரிக்கரைக் குளியலறை ஒன்றில் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன. 1963இல் ஒரு பெண் நிருபர் அதைப் பார்த்து, இது யாருடையது என்று விசாரித்து எழுதிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கம் அவரை முதல் ஆள் என்று ஒப்புக்கொண்டது 1966இல். இடையில் 44 வருஷம். என் முன்னறைச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குளியலறைச் சுவரை நினைத்துக்கொள்வேன்.

விளையாட்டுக்குக் கிடைத்த மரியாதைக்கும் இதே கதிதான். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாக ஒரு தடவை நடந்தது, கீல் நகரத்தில். அதோடு சரி. படகுக்குப் பதிலாகக் கம்பிவடம் இழுக்கும் வேக்போர்டு 2020 ஒலிம்பிக்குக்கான எட்டு விளையாட்டுப் பட்டியலில் 2011இல் இடம்பிடித்தது, பிறகு கழன்றுபோனது. அதே 2020க்குள் அலைச்சறுக்கு நுழைந்துவிட்டது. எனக்கு அன்றைக்குப் பொறாமையாக இருந்தது. மோட்டார் இழுக்கிறது, அதில் மனுஷன் சாமர்த்தியம் என்ன என்று கேட்கிறவர்கள் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். ஜல்லிக்கட்டில் ஓடுவது மாடுதானே என்று கேட்பது போல இருக்கிறது இது.

நம் ஊரில் பெற்றோர் கேட்கும் கேள்வி இன்னும் நேரானது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே, அந்தப் பட்டியலில் இது வருமா? வராத விளையாட்டுக்கு எந்த அப்பா கையெழுத்துப் போடுவார்? நானே என் மகளை வாலிபாலுக்குத்தான் அனுப்பினேன்.

சரி, கண்மாய்க்கு வருகிறேன். வீடியோ எடுப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வத்திராயிருப்பு பக்கம் ஒரு கண்மாய்க்குப் போனேன். மீன்பாசிக் குத்தகை எடுத்தவரின் ஆள் தெர்மாகோல் தெப்பத்தில் ஏற்றிக்கொண்டார். கயிற்றில் கல்லைக் கட்டி ஆழம் பார்த்தேன். கரையிலிருந்து பார்த்தால் கடல் மாதிரி விரிந்து கிடக்கிறது. கல்லை விட்டால் நாலடி, ஐந்தடி. மடைப்பக்கம் மட்டும் கொஞ்சம் ஆழம். நடுவில் கல் எதிலோ மாட்டி இழுத்தது. வெட்டிவிட்டுப் போன சீமைக் கருவேல முட்டு. இதே மாதிரி அடியில் நூற்றுக்கணக்கில் இருக்கிறது என்றார் அவர். 58 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறவன் அதன் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு அவர் வலையைக் காட்டினார். "உங்க போட்டு ஒரு சுத்து சுத்துச்சுன்னா என் மொதலாளி குத்தகை போச்சு அண்ணாச்சி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார்.

படகு கிளப்பும் அலை கரையில் மோதிக்கொண்டே இருக்கும். மண் கரை அதைத் தாங்காது. மழைக்கு நிறைகிற கண்மாய் பங்குனிக்குள் பாதியாகிவிடும். மிதவைகளை அடியில் நங்கூரம் போட்டு அளவாக நிறுத்த வேண்டிய விளையாட்டு இது. தண்ணீர் மட்டம் வாரத்துக்கு வாரம் இறங்கினால் அளவு எப்படி நிற்கும்?

பிளவக்கல் ஆழம்தானே என்றார்கள். அங்கே உள்ள பெரியாறு அணை 47 அடி, உண்மைதான். ஆனால் அந்த மட்டத்தை ஏற்றுவதும் இறக்குவதும் வயல் கணக்கு. நெல் காய்கிறபோது தண்ணீரைத் திறக்காதே, போட்டி இருக்கிறது என்று யார் சொல்வது? அதற்கு மேலே காடு. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்த மலை அது. அதன் அடிவாரத்தில் 350 குதிரைத்திறன் எஞ்சினை உறுமவிட எனக்கு மனசு வரவில்லை. அய்யனார் கோயில் பாதையில் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தைச் சொன்னான் ஒருத்தன். "டேய், அது நாம குடிக்கிற தண்ணிடா" என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

காசையும் சொன்னேன். இதற்கென்று செய்யும் படகு ஒன்று கோடி ரூபாயைத் தாண்டும். ஒரு காலைப் பொழுதில் நாற்பது லிட்டர் பெட்ரோல் குடிக்கும், நானே ஊற்றியிருக்கிறேன். பலகை, பூட்ஸ், கயிறு, ஜாக்கெட் எல்லாம் இறக்குமதி. 2010இல் நான் ஊர் திரும்பியபோது ஒரு விமான நிலையத்தில் பலகைக்கு அதிக பாரக் கட்டணம் கட்டினேன். போதாததற்கு அதிகாரி ஒருவர் அதைத் தட்டித் தட்டிப் பார்த்து உள்ளே என்ன என்று முக்கால் மணி நேரம் கேட்டார். உள்ளே நுரையும் கார்பன் நாரும்தான் சார் என்றேன், நம்பவில்லை.

கரைக்குத் திரும்பும்போது நாலு பேரும் தெப்பத்தின் விளிம்பை இறுகப் பிடித்திருந்ததைக் கவனித்தேன். "ஒங்கள்ல எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்?" என்று கேட்டேன். ஒருத்தன் கையைத் தூக்கினான். அவனும் பாதி தூக்கினான்.

வாட்டர் ஸ்போர்ட்ஸுக்கு மனு எழுதியவர்கள் இவர்கள்! அவர்களைக் குறை சொல்லவில்லை. என் தலைமுறை தோட்டத்துக் கிணற்றில் கற்றது. முதுகில் சுரைக்குடுக்கையோ காய்ந்த வாழைமட்டையோ கட்டி மாமா தள்ளிவிடுவார். அந்தக் கிணறுகள் பாதி தூர்ந்துவிட்டன, மீதி போர்வெல்லுக்கு வழிவிட்டுவிட்டன. என் மகள் படித்த பள்ளியில் எல்லா விளையாட்டும் இருந்தது, நீச்சல் இல்லை. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் குவாரிக் குட்டையில், கண்மாயில், அருவித் தடாகத்தில் மூழ்கிய பிள்ளைகளின் செய்தி வருகிறது. ஒன்றை எடுக்க இன்னொன்று குதித்தது என்று எழுதியிருப்பார்கள். அந்த வரியை என்னால் முழுதாக வாசிக்க முடிவதில்லை.

தண்ணீரில் பழகியவர்களிடமிருந்து ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னைப் பக்கத்துக் கோவளத்தைப் பாருங்கள். அங்கே மீனவர் மூர்த்தி மேகவன் தானே அலைச்சறுக்கு கற்றுக்கொண்டு, 2012இல் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது, கர்நாடகத்து ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். 2026 ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் அலைச்சறுக்கு இருக்கிறது. இதெல்லாம் யாரோ மனுக் கொடுத்து வந்ததில்லை. கடலில் விழுந்து எழுந்து வளர்ந்த பிள்ளைகள் கையில் பலகை போய்ச் சேர்ந்தது, பட்டியலும் பதக்கமும் அப்புறமாக வந்தன. நாங்கள் நீந்தத் தெரியாமல் பட்டியலிலிருந்து ஆரம்பித்தோம்.

நீர்ச்சறுக்கில் எனக்குப் பிடித்தது வேகம் என்று பல பேர் நினைக்கிறார்கள். விழுந்தவன் தண்ணீருக்கு வெளியே தலையை நீட்டியதும் முதல் வேலையாக இரண்டு கையையும் தலைக்கு மேல் கோத்துக் காட்ட வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். படகில் ஓட்டுகிறவரைத் தவிர, பின்னால் பார்த்தபடி உட்கார ஒரு ஆள் இருப்பார். அந்தக் கை உயர்கிறதா என்று பார்ப்பதுதான் அவருக்கு வேலை. ஜாக்கெட் போடாமல் கயிற்றைத் தொட விடமாட்டார்கள், எத்தனை பெரிய சாம்பியனானாலும் சரி. பஹ்ரைனிலிருந்து நான் கொண்டுவந்ததில் இங்கே பயன்படுவது பலகை இல்லை, இரண்டு ஜாக்கெட்டுகள்தான்.

அதோடு நாலு புதிதாக வாங்கினேன். சம்பந்தி தோட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் படி வைத்த பெரிய கிணறு ஒன்று தூர்க்காமல் இருக்கிறது. கார்த்திகையிலிருந்து ஞாயிறு காலையில் அங்கே நீச்சல் பழக்குகிறேன். மனு எழுதிய நாலு பேரில் மூன்று பேர் இப்போது ஜாக்கெட் இல்லாமல் கிணற்றைக் குறுக்கே கடக்கிறார்கள். நாலாமவனுக்கு இன்னும் பயம், ஆனாலும் அவன்தான் ஒரு வாரமும் தவறாமல் வருகிறான். கிணற்றடியில் ஒருத்தர் தண்ணீரில் இறங்காமல் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும் என்பது சட்டம். அதை நான் மாற்றமாட்டேன்.

மனுவைத் திருத்தி எழுதிவிட்டோம். இப்போது அதில் இரண்டே கோரிக்கைகள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் பிள்ளைகள் நீச்சல் பழக ஒரு பொதுக் குளம். மக்கள் இறங்குகிற ஒவ்வொரு கண்மாய்க் கரையிலும் ஒரு கயிறு, இரண்டு மிதவை வளையம். கையெழுத்துப் போட நினைப்பவர்கள் ராஜபாளையத்தில் என் மோட்டார் பட்டறைக்கு வரலாம், மதியம் ஒரு மணிக்கு மேல் இரண்டு வரைக்கும் சாப்பாட்டு நேரம். பிள்ளையைக் கிணற்றுக்குக் கூட்டிவருகிறவர்கள் காலை ஆறரைக்குள் வந்துவிடுங்கள். ஒரு துண்டும் மாற்று உடையும் கொண்டுவாருங்கள், ஜாக்கெட் நான் தருகிறேன்.